பதினேழு வருடம் பழுதுபார்த்த எஞ்சின் யாருக்குச் சொந்தம்?

கேள்வி நீளமாக இருக்கிறது, அதனால் நான் புரிந்துகொண்டதை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் இருப்பது அமெரிக்காவின் மத்திய மேற்கில் ஒரு சின்ன ஊர். 1950களின் கடைசியில் ஒரு ரயில்வே கம்பெனி ஓய்வுபெற்ற நீராவி எஞ்சின் ஒன்றை ஊர்ப் பூங்காவில் கொண்டுவந்து நிறுத்திவிட்டுப் போனது. உங்கள் தன்னார்வலர் குழு பதினேழு வருடமாகத் துருவைச் சுரண்டி, பாய்லர் குழாய்களை மாற்றி, சொந்தக் காசில் புது உதிரிபாகங்கள் செய்துபோட்டு அதை ஓடும் நிலைக்குப் பக்கத்தில் கொண்டுவந்திருக்கிறது. இப்போது நகராட்சி அதை வேறு மாநில மியூசியத்துக்கு விற்கப் பார்க்கிறது. "இவ்வளவு வருடம் வைத்திருந்து இவ்வளவு செலவழித்த எங்களுக்கு அதில் உரிமை இல்லையா?" என்பது உங்கள் கேள்வி. இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. எஞ்சின் யாருடையது என்பது ஒன்று, போட்ட பணமும் உழைப்பும் திரும்ப வருமா என்பது இன்னொன்று. இரண்டையும் ஒன்றாகக் கட்டிக்கொண்டு கோர்ட்டுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் இரண்டிலும் தோற்கிறார்கள்.

நான் யார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கோயம்புத்தூரில் இருபத்தாறு வருடமாக சிவில் வக்கீல். லேத், தறி, ஜெனரேட்டர் என்று அசையும் பொருள் தகராறுகளில்தான் பாதி வாழ்க்கை போயிருக்கிறது. தாத்தா போத்தனூர் ரயில் ஷெட்டில் ஃபயர்மேன், அதாவது எஞ்சினுக்குக் கரி போடுகிறவர், அதனால் எஞ்சின் பைத்தியம் குடும்பச் சொத்து. வெளிநாட்டு எஞ்சின் வழக்குகளின் தீர்ப்புகளைத் தேடிப் படிப்பது என் ஞாயிற்றுக்கிழமை வேலை. அமெரிக்காவில் வக்கீலாக நிற்க எனக்கு அனுமதி கிடையாது, ஒவ்வொரு மாநிலச் சட்டமும் வேறு. ஆகவே இதை வைத்து உங்கள் ஊர் வக்கீலிடம் சரியான கேள்விகளைக் கேட்கலாமே தவிர, இதுவே சட்ட ஆலோசனை ஆகாது.

முதலில் சந்தேகமே இல்லாத விஷயம். ஒரு பொருளை எத்தனை வருடம் வைத்திருந்தீர்கள் என்பதை விட, என்ன ஹோதாவில் வைத்திருந்தீர்கள் என்பதைத்தான் நீதிமன்றம் பார்க்கும். எனக்கு ஒரு வழக்கு வந்தது. கட்சிக்காரர் தாய்மாமன் பட்டறையிலிருந்து ஒரு லேத்தை எடுத்துவந்து பதினான்கு வருடம் ஓட்டியிருந்தார். மோட்டார் மாற்றினார், லேத்தின் அடிப்பகுதியைச் சீவி நேராக்கினார், மெஷினின் விலையைப் போல இரண்டு மடங்கு செலவு. மாமா இறந்தபிறகு அவர் மகன் லேத்தைக் கேட்டு வழக்குப் போட்டார். நாங்கள் செலவுக் கணக்கை ஒரு கட்டாகக் கட்டி எடுத்துப்போனோம். எதிர்த்தரப்பு கொண்டுவந்தது இரண்டே இரண்டு. ஆயுத பூஜை அன்று மாமா வந்து அந்த லேத்துக்கு மாலை போடும் போட்டோ ஒன்று, என் கட்சிக்காரர் ஒன்பதாவது வருடத்தில் மாமாவுக்கு எழுதிய கடிதம் ஒன்று. கடிதத்தில் "மாமா, உங்கள் லேத்துக்கு புது சக் போட்டிருக்கிறேன்" என்று இருந்தது. அந்த "உங்கள்" என்ற ஒரு வார்த்தையிலேயே வழக்கு முடிந்துபோனது.

இனி உங்களுக்கு மிக நெருக்கமான வழக்கு, அமெரிக்காவிலேயே நடந்தது: 'ஜெனரல்' என்ற எஞ்சின். 1855-இல் நியூ ஜெர்சியின் பேட்டர்சன் நகரத்தில் ரோஜர்ஸ், கெட்சம் அண்ட் க்ரோவனர் கம்பெனி கட்டியது. ஜார்ஜியா மாநில அரசுக்கே சொந்தமான வெஸ்டர்ன் அண்ட் அட்லாண்டிக் ரயில்வேயில், அட்லாண்டாவிலிருந்து டென்னஸியின் சட்டனூகா வரை போகும் பாதையில் ஓடியது. உள்நாட்டுப் போர் நேரம், 1862 ஏப்ரல் 12 காலையில் பிக் ஷான்டி என்ற ஸ்டேஷனில் ரயிலை நிறுத்திவிட்டு ஊழியர்கள் காலை உணவுக்குப் போனார்கள். பயணிகள் போல ஏறியிருந்த ஜேம்ஸ் ஆண்ட்ரூஸும் அவருடைய வடக்குப் படை ஆட்களும் எஞ்சினையும் மூன்று பெட்டிகளையும் கழற்றி ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். வழியில் தண்டவாளத்தைப் பெயர்த்து, தந்திக் கம்பியை அறுத்துக்கொண்டே போவது திட்டம். கண்டக்டர் வில்லியம் ஃபுல்லர் முதலில் காலாலேயே ஓடித் துரத்தினார், பிறகு கையால் தள்ளும் வண்டியில், பிறகு கிடைத்த எஞ்சின்களில் மாறி மாறி ஏறி, கடைசியாக 'டெக்ஸாஸ்' என்ற எஞ்சினைப் பின்பக்கமாகவே ஓட்டித் துரத்தினார். ரிங்கோல்டுக்கு வடக்கே விறகும் தண்ணீரும் தீர்ந்து ஜெனரல் நின்றது. ஆண்ட்ரூஸையும் இன்னும் ஏழு பேரையும் தூக்கிலிட்டார்கள். உயிர்பிழைத்தவர்களில் சிலருக்குக் கிடைத்ததுதான் அமெரிக்க ராணுவத்தின் மிக உயர்ந்த வீர விருதான மெடல் ஆஃப் ஹானரில் முதலாவது.

இந்தக் கதையால்தான் அந்த எஞ்சினுக்கு மதிப்பே. 1890-இல் அந்தப் பாதையை நாஷ்வில், சட்டனூகா அண்ட் செயின்ட் லூயிஸ் ரயில்வே குத்தகைக்கு எடுத்தது. ஜார்ஜியாவின் வைனிங்ஸில் ஒரு சைடிங்கில் உடைப்புக்குக் காத்துக் கிடந்த ஜெனரலை ஒரு போட்டோகிராபர் கவனித்துச் சொல்ல, கம்பெனி அதைச் சீராக்கி 1893 சிகாகோ உலகப் பொருட்காட்சிக்கு அனுப்பியது. பிறகு சட்டனூகாவின் யூனியன் ஸ்டேஷனில் கொண்டுபோய் வைத்தார்கள். 1961 வரை, ஏறக்குறைய அறுபது வருடம் அங்கேதான் நின்றது. தலைமுறை தலைமுறையாகக் குழந்தைகள் அதைப் பார்த்தே வளர்ந்தார்கள். நம்மூரில் தேர் நிற்கிற இடத்தைத் தேரடி என்று சொல்வதில்லையா, அந்த மாதிரி அது ஊரோடு ஒட்டிப்போன பொருள்.

1957-இல் அந்தக் கம்பெனி லூயிவில் அண்ட் நாஷ்வில் ரயில்வேயுடன் இணைந்தது. போரின் நூற்றாண்டுக்காக 1961-இல் புதுக் கம்பெனி எஞ்சினை எடுத்துப்போய், மறுபடி நீராவியில் ஓடவைத்து ஊர் ஊராகக் காட்டியது. அப்புறம் அதை ஜார்ஜியாவுக்கே, கடத்தல் தொடங்கிய பிக் ஷான்டிக்கு (இப்போது அந்த ஊரின் பெயர் கென்னஸா) கொடுத்துவிடுவது என்ற பேச்சு வந்தது. 1967 செப்டம்பரில் கென்னஸாவில் காட்சிக்கு வைக்கக் கொண்டுபோகும் வழியில், ரயில் சட்டனூகாவைக் கடக்கும்போது மேயர் ரால்ஃப் கெல்லி ஷெரிஃபின் ஆட்களோடும் கோர்ட் உத்தரவோடும் வந்து எஞ்சினைப் பிடித்துவைத்துவிட்டார். இரண்டாவது எஞ்சின் கடத்தல் என்று இதைச் சிரித்துக்கொண்டே சொல்கிறவர்கள் உண்டு.

சட்டனூகா நகராட்சியின் வாதம் உங்கள் வாதத்தின் அண்ணன் என்று சொல்லலாம். கம்பெனி இத்தனை காலம் பொதுமக்கள் பார்வைக்கு வைத்திருந்ததால் அது இனி கம்பெனியின் தனிச் சொத்து இல்லை, சட்டனூகா மக்களுக்காகப் பொது அறக்கட்டளைப் பொருள்போலக் கம்பெனி அதை வைத்திருந்தது, ஆகவே வெளியே கொண்டுபோக முடியாது என்றார்கள். 1969-இல் ஃபெடரல் மாவட்ட நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. 1970-இல் ஆறாவது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றமும் ஏற்கவில்லை. உச்ச நீதிமன்றம் வழக்கை எடுத்துக்கொள்ளவே மறுத்துவிட்டது. 1972-இல் ஜெனரல் கென்னஸாவுக்குப் போனது. இன்றும் அங்கே உள்நாட்டுப் போர், ரயில் எஞ்சின் வரலாற்று மியூசியத்தில்தான் இருக்கிறது.

ஏன் தோற்றார்கள் என்பதை என் பாஷையில் சொல்கிறேன். தானம் என்று ஒன்று நடக்க வேண்டுமானால் கொடுக்கிறவருக்குக் கொடுக்கும் எண்ணம் இருக்க வேண்டும், பொருள் கைமாற வேண்டும், வாங்குகிறவர் ஏற்றுக்கொள்ள வேண்டும். ஜெனரல் நின்றது ரயில்வேயின் சொந்த ஸ்டேஷனுக்குள். 1933 சிகாகோ, 1939 நியூயார்க், 1948 சிகாகோ என்று பொருட்காட்சி வந்தபோதெல்லாம் கம்பெனி அதை எடுத்துப்போய்விட்டுத் திரும்பக் கொண்டுவந்தது. தன் பொருளைத் தன் வீட்டு வாசலில் வைத்து ஊருக்குக் காட்டுகிறவர் ஊருக்குத் தானம் செய்துவிட்டதாக எந்த நீதிபதியும் லேசில் சொல்ல மாட்டார். ஊரின் பாசம் உண்மையானதுதான், ஆனால் அதைச் சாட்சியாக மார்க் செய்ய வழியில்லை.

உங்கள் விஷயத்தில் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது, அது நகராட்சிக்குத்தான் சாதகம். உங்கள் எஞ்சின் கம்பெனி இடத்தில் நிற்கவில்லை, நகராட்சிப் பூங்காவில் நிற்கிறது. கொடுத்தார்கள், ஒப்படைத்தார்கள், ஊர் ஏற்றுக்கொண்டது, எல்லாம் நடந்திருக்கிறது. அந்தக் காலத்தில் அமெரிக்கக் கம்பெனிகள் நூற்றுக்கணக்கில் இப்படிக் கொடுத்தன. ஒருமுறை ஒழுங்காகக் கொடுத்தபிறகு, கொடுத்தவருக்கே அது அந்நியர் பொருள். யூனியன் பசிபிக் கம்பெனியின் 4014 எண் பிக் பாய் எஞ்சினைப் பாருங்கள். கலிபோர்னியாவில் பொமோனாவில் ஒரு ரயில் வரலாற்றுச் சங்கத்துக்குக் கம்பெனி அதைக் கொடுத்திருந்தது. அரை நூற்றாண்டு கழித்து 2013-இல் அதே கம்பெனி அதைத் திரும்பப் பெற நினைத்தபோது பேரம் பேசி, மாற்றாக ஒரு டீசல் எஞ்சினையும் வேறு பெட்டிகளையும் கொடுத்துத்தான் வாங்கிக்கொண்டது. கட்டிய காசு அவர்களுடையது, ஓட்டிய காலம் அவர்களுடையது, இருந்தும் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருந்தது. 2019-இல் அது மறுபடி ஓடியது.

இங்கே சந்தேகமான பகுதி ஒன்று உண்டு, அதில்தான் உங்களுக்குக் கொஞ்சம் நம்பிக்கை. கொடுக்கும்போது கம்பெனி நிபந்தனை போட்டிருக்கலாம். விற்கக் கூடாது, பராமரிக்காவிட்டால் எங்களிடமே திரும்ப வேண்டும், பொதுமக்கள் பார்வைக்கே வைக்க வேண்டும், இப்படி ஏதாவது. அந்த மாதிரி வரி இருந்தால் நகராட்சி நினைத்தபடி விற்க முடியாமல் போகலாம். ஆனால் அந்த நிபந்தனையை அமல்படுத்தக் கேட்கும் உரிமை கம்பெனியின் இன்றைய வாரிசுக் கம்பெனிக்கா, மாநில அட்டர்னி ஜெனரலுக்கா, உங்களைப் போன்ற குழுவுக்கா என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். பெரும்பாலும் உங்களுக்கு இல்லை என்றுதான் பதில் வரும். அதனால் வாரிசுக் கம்பெனி எது என்று கண்டுபிடித்து அவர்களிடம் ஒரு கடிதம் வாங்குவது, வழக்குப் போடுவதைவிட மலிவு.

அடுத்தது செலவு. ஒர்க்‌ஷாப்காரர் கூலி வரும்வரை வண்டியைப் பிடித்துவைக்கலாம் என்பது ஏறத்தாழ எல்லா நாட்டிலும் உண்டு, நம் ஒப்பந்தச் சட்டத்தில் 170-ஆவது பிரிவு அதுதான். ஆனால் அது கூலி பேசி வேலை செய்தவருக்கு. தன்னார்வமாகச் செய்தேன் என்று பதினேழு வருடம் சொல்லிவிட்டு இன்று பில் நீட்டினால் கோர்ட் கேட்கும் முதல் கேள்வி, யார் உங்களிடம் இந்த வேலையை ஒப்படைத்தது, என்ன பேசினீர்கள் என்பதுதான். எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதன்படி. "நாங்கள் பழுதுபார்க்கிறோம், இருபது வருடம் ஓட்டிக்கொள்கிறோம்" என்று நகராட்சி கையெழுத்து போட்டிருந்தால் உங்கள் நிலை முற்றிலும் வேறு. அந்த இருபது வருட உரிமையை வாங்குகிறவரும் மதிக்க வேண்டும் என்று வாதாட இடம் இருக்கிறது. ஒன்றுமே எழுதவில்லை என்றால், நியாயமில்லாத லாபம் அடைந்தார்கள் என்று ஒரு வாதம் இருக்கத்தான் செய்கிறது, ஆனால் அதை நம்பி வீட்டை அடமானம் வைக்கச் சொல்ல மாட்டேன்.

இதில் நல்லபடியாக முடிந்த ஒன்று மில்வாக்கி ரோடு 261. 1944-இல் கட்டிய எஞ்சின், விஸ்கான்சினில் கிரீன் பே நகரத்து தேசிய ரயில் மியூசியத்துக்குச் சொந்தம். மினியாபோலிஸைச் சேர்ந்த ஒரு குழு 1990களின் தொடக்கத்தில் அதைக் குத்தகைக்கு எடுத்து, ஓட வைத்து, நாடெங்கும் கொண்டுபோனது. பெரிய பாய்லர் வேலைக்கு நேரம் வந்தபோது குத்தகை நிபந்தனைகளில் தகராறு. எஞ்சின் கிரீன் பேக்கே திரும்பிப்போய்விடும் என்று எல்லோரும் நினைத்த நேரத்தில், 2010-இல் அந்தக் குழு 2,25,000 டாலர் கொடுத்து எஞ்சினையே வாங்கிவிட்டது. அவர்கள் தங்கள் உழைப்பைக் காட்டி உரிமை கேட்கவில்லை, விலை கேட்டார்கள்.

உதிரிபாகங்கள் விஷயம் தனி. நீராவி எஞ்சின் ஒரே பொருள் இல்லை, ஒரு குடும்பம் மாதிரி. பாய்லர் ஒன்றிலிருந்து வந்திருக்கும், சக்கரங்களை இணைக்கும் ராடுகள் இன்னொன்றிலிருந்து. ராடுகளின் முனையில் துணியால் எண்ணெயைத் துடைத்துப் பாருங்கள், எண் குத்தியிருப்பார்கள், முன்னால் இருக்கும் நம்பர் பலகையோடு அது பல எஞ்சின்களில் ஒத்துப்போகாது. வேல்ஸில் பாரி என்ற ஊரின் பழைய இரும்புக் கிடங்கிலிருந்து 213 எஞ்சின்களை ஆர்வலர்கள் மீட்டார்கள், அதில் பல எஞ்சின்கள் ஒன்றுக்கொன்று உறுப்பு தானம் செய்துகொண்டவை. நீங்கள் செய்த பாகம் எஞ்சினில் இறுகப் பொருத்தப்பட்டு, கழற்றினால் எஞ்சின் கெடும் என்றால், அது பெரும்பாலும் எஞ்சின் உரிமையாளருக்கே போகும். இன்னும் பெட்டியில் இருக்கும் பாகங்கள், சொந்த ரசீதோடு இருப்பவை, உங்களுடையவை. நடுவில் இருப்பவை, அதாவது போல்ட் கழற்றினால் வந்துவிடும் காற்று பம்பு, விளக்கு மாதிரியானவை, வக்கீல்களுக்குச் சோறு போடும் வகை. ஒரு விஷயம் மட்டும் அழுத்திச் சொல்கிறேன். கோபத்தில் ராத்திரியோடு ராத்திரியாக எதையும் கழற்றி ஒளித்துவைக்காதீர்கள். அது உரிமைத் தகராறைக் கிரிமினல் வழக்காக்கிவிடும்.

கடன் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் உங்கள் கேள்வியின் கடைசியில் "நாங்களே கடன் வாங்கி வாங்கிவிடலாமா" என்று கேட்டிருக்கிறீர்கள். பிரிட்டனின் ஃபிளையிங் ஸ்காட்ஸ்மன் என்ற நீராவி எஞ்சினை நினைத்துக்கொள்ளுங்கள். 1963-இல் ஆலன் பெக்லர் என்பவர் 3,000 பவுண்டுக்கு வாங்கினார். 1969-இல் அமெரிக்கா கொண்டுபோனார், பணம் தீர்ந்தது, 1972-இல் திவாலானார். கடன் கொடுத்தவர்கள் பிடித்துக்கொள்வார்களோ என்ற பயத்தில் எஞ்சினை கலிபோர்னியாவில் ஒரு ராணுவக் கிடங்குக்குள் வைத்திருந்தார்கள். வில்லியம் மெக்ஆல்பைன் 25,000 பவுண்டுக்கு அதை மீட்டு 1973-இல் பனாமா கால்வாய் வழியாக ஊருக்குக் கொண்டுவந்தார். அதன்பிறகும் கை மாறி, கடனில் சிக்கி, 2004-இல் 23 லட்சம் பவுண்டுக்கு தேசிய ரயில்வே மியூசியம் வாங்கியபிறகுதான் அதற்கு நிம்மதி. நீங்கள் வாங்குவதானால், எஞ்சின் மீது ஏற்கெனவே யாராவது கடன் பதிவு செய்திருக்கிறார்களா என்று மாநிலத்தின் யு.சி.சி. பதிவுகளிலும் (அசையும் பொருள்மீதான கடன்களைப் பதியும் இடம்) வாஷிங்டனில் ரயில்வேயைக் கவனிக்கும் அரசு வாரியமான சர்ஃபேஸ் டிரான்ஸ்போர்டேஷன் போர்டின் பதிவுகளிலும் பார்க்கச் சொல்லுங்கள். ரயில் எஞ்சின்மீதான அடமானத்தை அங்கே பதிவுசெய்ய முடியும் என்பது பல வக்கீல்களுக்கே தெரியாது.

காலவரையறை பற்றிப் பலர் தவறான நம்பிக்கையில் இருக்கிறார்கள், பன்னிரண்டு வருடம் வைத்திருந்தால் நம்முடையது என்று. அது நம்மூரில் நிலத்துக்கான பேச்சு. அனுமதியோடு ஒப்படைத்த அசையும் பொருளுக்கு இந்தியச் சட்டத்தில் மூன்று வருடம்தான், அதுவும் உரிமையாளர் கேட்டு நீங்கள் மறுத்த நாளிலிருந்து எண்ண ஆரம்பிக்கும். இங்கிலாந்தில் ஆறு வருடம், அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் வேறு, ஆனால் அனுமதியோடு வைத்திருக்கிறவருக்குக் கடிகாரம் தானாக ஓடாது என்ற அடிப்படை பெரும்பாலான இடங்களில் ஒன்றுதான். நகராட்சி இன்றுவரை உங்களிடம் கேட்கவே இல்லை என்றால் கடிகாரம் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை.

(நம் நாட்டில் இந்தத் தலைவலி குறைவு. ஜெனரல் பிறந்த அதே 1855-இல் இங்கிலாந்தில் பிறந்தது இந்தியாவின் ஃபேரி குவீன் எஞ்சின். அதன் ஜோடியான ஈ.ஐ.ஆர்.-21-ஐ பெரம்பூரில் மறுபடி ஓடவைத்தார்கள். இரண்டும் ரயில்வே சொத்து, கேள்வியே இல்லை.)

அதனால் வழக்குக்கு முன்னால் நூலகத்துக்குப் போங்கள். எஞ்சின் வந்த வருடத்து நகர மன்றக் கூட்டக் குறிப்பு, கம்பெனியின் கடிதம், அந்த வார உள்ளூர்ப் பத்திரிகை, பதினேழு வருடமும் இன்ஷூரன்ஸ் பாலிசி யார் பெயரில் இருந்தது, பிரீமியம் யார் கட்டினார்கள், இதையெல்லாம் நகல் எடுங்கள். கூடவே உங்கள் குழுவின் செய்தி மடல்களையும் நிதி கேட்டு அச்சடித்த நோட்டீஸ்களையும் ஒன்று விடாமல் எடுத்து வையுங்கள். அவற்றில் எங்கேயாவது "நகராட்சியின் எஞ்சினை நாம் பாதுகாக்கிறோம்" என்று எழுதியிருக்கிறீர்களா என்று முதலில் நீங்களே படித்துப் பாருங்கள், ஏனென்றால் அந்தப் பக்கத்து வக்கீல் அதைத்தான் முதலில் தேடுவார். அதைப் படித்துவிட்டு மறுபடி எழுதுங்கள், அப்போது வழக்கா, நீண்ட குத்தகையா, விலையா என்று பேசலாம்.